நேற்றுக் கழித்த பூ

“எதைப் போட்டா பூக்கும், அம்மா?”

குற்றாலிங்கம் கேட்டார்.

பூரணத்தம்மை முறத்தில் பயறைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“நேத்துக் கழிச்ச பூவைச் சேரவேண்டிய இடத்துல சேர்த்தாச்சா?”

“காலையிலயே சேர்த்துட்டேன் அம்மா.”

“சரி.”

அவ்வளவுதான். குற்றாலிங்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். முறத்திலிருந்து இன்னொரு கல் தரைக்கு வந்தது. 

*

தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். ஓடு போட்ட ஒரே கட்டடம். அதற்குப் பின்னால் மடத்தைத் தொடங்கிய பெரியவரின் சமாதி. சமாதிக்கும் வேலிக்கும் நடுவில் நந்தவனம்.

பெரியவர் இரண்டு விதிகளை விட்டுப் போயிருந்தார்.

வெளியில் வாங்கிய பூ இங்கே ஏறக் கூடாது. சாத்துவது ஒற்றை இலையானாலும் இந்த மண்ணில் வளர்ந்ததாக இருக்க வேண்டும்.

சாத்திக் கழித்த பூவில் யார் காலும் படக் கூடாது.

இரண்டாவது விதிக்காகவே நந்தவனத்துக்கு வடக்கே ஒரு பாழ்கிணறு பயன்பட்டது. ஒரு காலத்தில் மாடு கட்டி இறைத்த அகலமான கிணறு. பெரியவர் வருவதற்கு முன்பே வற்றிவிட்டது. தினமும் காலையில் சமாதியிலிருந்து முந்தின நாள் பூவைக் கழித்து, பெரியவர் கையாண்ட செப்புத் தட்டில் ஏந்திப் போய் அதில் கொட்டுவார்கள். முப்பத்தோரு வருடமாக நடக்கிறது.

இப்போது அது குற்றாலிங்கத்தின் வேலை.

அவருக்கு வயது அறுபத்தொன்று. தென்காசியில் முப்பத்திரண்டு வருடம் மருந்துக்கடை. ஊர் அவரைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிட்டது. மனைவி போன பிறகு கடைச் சாவியை மருமகன் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். முதலில் போன மடத்தில், இந்த வயதில் எதற்கு என்றார்கள். இரண்டாவது மடத்தில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். எட்டு மாதம் அங்கிருந்த சாமியார்களுக்கெல்லாம் ஊசி போட்டார். தீட்சையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

தீட்சை என்பது பெரிய சடங்கு ஒன்றுமில்லை. வலது காதில் ஒரு சொல். அதற்காகத்தான் மூன்றாவது படியாக இங்கே வந்து ஏறினார்.

மடத்தை இப்போது நடத்தும் பூரணத்தம்மைக்கு அவரைவிடப் பதினெட்டு வயது குறைவு. துறவுக்கு முன்பு தையல் டீச்சராக இருந்தவர். வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணாச்சிக்குத் தோட்ட வேலை தெரியுமா?”

“தெரியாது அம்மா. ஆனா பொடி, எண்ணெய், கரைசல், எல்லாத்துக்கும் அளவு தெரியும்.”

“ஆனியில குருபூசை. அன்னைக்கு நம்ம மல்லியில ஒரு முழம் மாலை கட்டிக் கொண்டாங்க. காதுல சொல்லவேண்டியதைச் சொல்லுதேன்.”

அது தை மாதம். ஐந்து மாதம் இருந்தது. குற்றாலிங்கம் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். நாற்பது மல்லிச்செடி நிற்கிறது. ஒரு முழம் மாலைதானா?

*

முதல் நாள் நந்தவனத்தைச் சுற்றி வந்தார். மல்லியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அரும்பு. எல்லாம் சேர்த்தால் ஓர் உள்ளங்கை. செடிக்கடியில் சருகு, காய்ந்த குச்சி, பறவை எச்சம்.

“ஆஸ்பத்திரி இப்படி இருந்தா நோயாளி பிழைப்பானா?” என்றார்.

அதைக் கேட்க அடுக்களையிலிருந்த கோமு மட்டும்தான் இருந்தாள். மடத்துக்குச் சமையல் அவள். நாக்கு அவளுடைய அரிவாள்மணையைவிடக் கூர்மை.

“நோயாளி யாரு அண்ணாச்சி?”

“செடிதான்.”

“அது நல்லாத்தான இருந்தது, நீங்க வார வரைக்கும்?”

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சருகையெல்லாம் கூட்டி வேலியோரம் குவித்துத் தீ வைத்தார். மண் பளிச்சென்று தெரிந்தது. ஒரு வாரத்தில் நந்தவனத்தில் ஓர் இலை கீழே கிடக்காது என்ற நிலைமை வந்தது. இலை விழுவதற்கு முன்பே அவர் விளக்குமாற்றோடு நின்றார்.

பிறகு உரம்.

பாக்கெட்டில் வருகிற உப்பு உரம் மடத்துக்குள் நுழையக் கூடாது என்று அம்மை சொல்லியிருந்தார். குற்றாலிங்கத்துக்கும் அதில் முழுச் சம்மதம். எல்லாம் இயற்கையாகவே வாங்கினார். கடலைப் புண்ணாக்கு ஒரு மூட்டை, வேப்பம் புண்ணாக்கு ஒரு மூட்டை. எலும்புத் தூள். மீனும் வெல்லமும் ஊறிய மீன் அமிலம். பஞ்சகவ்யம் ஐந்து லிட்டர். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து கோழி எரு, டெம்போவில்.

செடிக்குச் செடி எண் கொடுத்தார். அட்டையில் எழுதி நூலில் கட்டித் தொங்கவிட்டார்.

‘எண் 7. எலும்புத் தூள், இரண்டு கரண்டி. எண் 8. மீன் அமிலம், காலை ஒரு வேளை. எண் 12. புண்ணாக்குக் கரைசல், இரண்டு வேளை.’

கோமு கறிவேப்பிலை பறிக்கப் போனவள் அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா அண்ணாச்சி?”

“உனக்கு எல்லாம் விளையாட்டு.”

“பன்னெண்டாம் நம்பரு ஆளு முகம் வாடிப்போய் இருக்கு. எதுக்கும் ஒரு சொட்டு மருந்து சேத்துக் குடுங்க.”

*

மீன் அமிலத்துக்குப் பூனைகள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு ஐந்து. எட்டாம் எண்ணைச் சுற்றித் தோண்டிப் போட்டன.

கடலைப் புண்ணாக்குக்குப் பெருச்சாளி வந்தது. பன்னிரண்டாம் எண் ஒரு காலையில் சாய்ந்து கிடந்தது. வேர் இருக்கவேண்டிய இடத்தில் வளை இருந்தது.

கோழி எருவை டெம்போவிலிருந்து இறக்கிய சூட்டோடு நந்தியாவட்டைச் செடியின் அடிமூட்டில் கொட்டியிருந்தார். இரண்டு வாரத்தில் இலை விளிம்பு கருகியது. மூன்றாவது வாரத்தில் குச்சி.

அவர் அம்மையிடம் போனார். அம்மை துவைத்த துணியைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா, உரம் எல்லாம் இயற்கைதான். கலப்படம் இல்லை. முகர்ந்து பாத்துத்தான் வாங்குதேன். ஆனாலும் ஒண்ணு பட்டுப்போச்சு. எந்த உரம்னு நீங்க சொன்னா…”

“நேத்துக் கழிச்ச பூவைச் சேரவேண்டிய இடத்துல சேர்த்தாச்சா?”

“அதுல ஒரு நாளும் தவற மாட்டேன் அம்மா.”

“சரி. அந்த முனையைப் பிடிங்க.”

ஈர வேட்டியின் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் முறுக்கிப் பிழிந்தார்கள். தண்ணீர் கீழே சொட்டியது. 

ஒரு நாளும் தவற மாட்டேன் என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த ஒரு வேலையில் குற்றாலிங்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. குளித்து, நீறு பூசி, செப்புத் தட்டை இரண்டு கையாலும் நெஞ்சுயரத்தில் ஏந்திப் போவார். கிணற்றின் விளிம்பில் நின்று கண்ணை மூடிக்கொள்வார். ஐந்தெழுத்தைச் சொல்லித் தட்டைக் கவிழ்ப்பார். திரும்பிய பிறகுதான் கண்ணைத் திறப்பார்.

“கண்ணை மூடிட்டே கொட்டுதீங்களே அண்ணாச்சி,” என்பாள் கோமு. “ஒரு நாள் பூவோட நீங்களும் உள்ள போயிரப் போறீங்க.”

ஒரு நாள் வழியில் ஓர் அரளிப் பூ தட்டிலிருந்து விழுந்தது. தண்ணீர்க் குடத்தோடு வந்த கோமு தெரியாமல் மிதித்துவிட்டாள்.

“ஏ கோமு! கால்! காலை எடு! சாத்தின பூ!”

அவர் போட்ட சத்தத்தில் குடம் சரிந்தது. கோமு நனைந்துபோய் நின்றாள். கோபம் வரவேண்டியது அவளுக்கு. வந்தது அவருக்கு. அந்தப் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றி, கொண்டு போய்க் கிணற்றில் சேர்த்துவிட்டு வந்தார். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

*

பங்குனி வெயில் ஏறியது.

ஒரு மத்தியானம் அம்மை நந்தவனத்துக்கு வந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் வரமாட்டார். மல்லிப் பாத்தியருகே குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை மண்ணில் வைத்தார். வைத்தபடி இருந்தார்.

“அண்ணாச்சி, நீங்களும் வைங்க.”

குற்றாலிங்கம் வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார்.

“சுடுது அம்மா.”

“ம்.”

“காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி சுடுது.”

அவர் எழுந்து தன் அறைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கையில் தெர்மாமீட்டர் இருந்தது. உதறி, மண்ணில் செருகி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் காத்திருந்தார். பாதரசம் நூற்றெட்டில் போய் முட்டி நின்றது. அதற்கு மேல் அதில் இடம் இல்லை.

“நூத்தெட்டுக்கு மேல அம்மா!”

“மனுசனுக்கு நூத்தெட்டு அடிச்சா என்ன செய்வீங்க?”

“ஈரத் துணி போடுவேன். போர்த்தி…”

“ஆகாரம்?”

“அந்தச் சூட்டுல ஆகாரம் குடுக்கக் கூடாது அம்மா. குடுத்தா வாந்தி எடுப்பான்.”

அம்மை பக்கத்தில் இருந்த அட்டையைத் திருப்பி வாசித்தார். ‘எண் 19. புண்ணாக்குக் கரைசல், மூன்று வேளை.’ வாசித்துவிட்டு அப்படியே விட்டார். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு நடந்தார்.

குற்றாலிங்கம் அன்று சாயங்காலம் வரை யோசித்தார். பத்தொன்பதாம் எண்ணின் அட்டையை எடுத்து ‘மூன்று’ என்பதை அடித்து ‘இரண்டு’ என்று எழுதினார்.

பிறகு வழக்கம்போலச் சருகைக் கூட்டினார். தீ வைத்தார்.

*

சித்திரையில் மல்லி தழைத்தது.

அப்படித் தழைத்ததை மடத்தில் யாரும் பார்த்ததில்லை. கரும்பச்சை. கை அகலத்துக்கு இலை. செடிக்கும் செடிக்கும் நடுவில் நுழைய முடியவில்லை. குற்றாலிங்கம் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

“இப்ப என்ன சொல்லுத கோமு?”

“கீரை நல்லா வந்திருக்கு அண்ணாச்சி. எப்ப கடையணும்?”

பூ இல்லை. அரும்பு கூட இல்லை. வைகாசி பிறந்தது, நடந்தது. முதலில் தட்டு நிறைய இருந்த நேற்றுப் பூ, பாதித் தட்டானது, கால் தட்டானது. மல்லி அதில் அறவே இல்லை. வில்வ இலையும் துளசியும் நாலு செவ்வரளியும்தான். ஏந்திப் போகும்போது தட்டின் கனம் மட்டும் கையில் தெரிந்தது.

கொழுத்த துளிர்களில் செடிப்பேன் விழுந்தது. பச்சை நிறத்தில், கூட்டம் கூட்டமாக. எறும்பு அவற்றை மேய்த்துக்கொண்டு திரிந்தது. குற்றாலிங்கம் வேப்பெண்ணெய் வாங்கிச் சோப்புத் தண்ணீரில் அடித்துக் கலந்தார். இயற்கைதான். ஐந்து நாளைக்கு ஒரு தெளிப்பு என்று அட்டைகளில் எழுதினார்.

குருபூசைக்குப் பத்து நாள் இருக்கும்போது அம்மையிடம் போனார். இந்த முறை நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா, நான் கம்பவுண்டர். ஊர்ல பாதிப்பேரு டாக்டர்கிட்டப் போகாம என்கிட்ட வருவான். ஒருத்தன் முகத்தைப் பாத்து மருந்து சொல்லுவேன். இந்த நாப்பது செடி என்னைத் தோக்கடிச்சுட்டு. அஞ்சு மாசமா ஒரே கேள்வியைக் கேக்கேன். எதைப் போட்டா பூக்கும்?”

அம்மை அவர் முகத்தைப் பார்த்தார். முதன்முறையாகக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். குற்றாலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

“நேத்துக் கழிச்ச பூவை…”

“சேர்த்துட்டேன் அம்மா!” குரல் உயர்ந்துவிட்டது. “சேர்த்துட்டேன். சேர்த்துட்டேன். தினமும் சேர்க்கேன்.”

“சரி,” என்றார் அம்மை.

அவர் எழுந்து வெளியே வந்தார். அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, தெர்மாமீட்டர். குருபூசை முடிந்த மறுநாள் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தார். நாலாவது மடம் தேட உடம்பில் தெம்பு இல்லை. மருமகன் கடையில் ஒரு ஸ்டூல் கிடைக்கும்.

*

குருபூசைக்கு மூன்று நாள்.

அன்று காலை வேப்பெண்ணெய்த் தெளிப்பு. கையில் எண்ணெய் முழங்கை வரை வழிந்திருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நேரம் ஆகிவிட்டது என்று அப்படியே தட்டை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தார்.

விளிம்பில் நின்றார். கண்ணை மூடினார். ஐந்தெழுத்தைச் சொன்னார். கவிழ்த்தார்.

கைகள் காலியாக இருந்தன.

கண்ணைத் திறந்தார். கீழே, வெகு ஆழத்தில், ஒரு மெத்தென்ற சத்தம் கேட்டது போலிருந்தது. உலோகம் கல்லில் விழுந்த சத்தமாக அது இல்லை.

அவர் ஓடி வந்ததைப் பார்த்து அடுக்களையிலிருந்து கோமு வெளியே வந்தாள்.

“என்ன அண்ணாச்சி, பாம்பா?”

“தட்டு. பெரியவர் தட்டு. கிணத்துல விழுந்துட்டு.”

கோமுவின் முகத்தில் கேலி இல்லை. குருபூசையன்று மாலையை அந்தத் தட்டில் ஏந்தித்தான் சமாதிக்குக் கொண்டுபோக வேண்டும். மாலை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். இப்போது தட்டும் இல்லை.

“நான் இறங்குதேன்,” என்றார் குற்றாலிங்கம்.

“இந்த வயசுலயா?”

“விட்டது நான்தான?”

அம்மை சத்தம் கேட்டு வந்தார்.  உள்ளே போய் ஒரு தேங்காய்நார்க் கயிறு கொண்டுவந்தார். கயிறு புதிதல்ல. நடுவில் பல இடங்களில் தேய்ந்திருந்தது. ஒரு முனையைப் புளியமரத்தில் சுற்றினார். மறுமுனையை அவர் இடுப்பில் கட்டினார். தையல் டீச்சரின் முடிச்சு, இறுகி உட்கார்ந்தது.

முதலில் ஒரு வாளியில் விளக்கை ஏற்றி இறக்கினார்கள். உள்ளே காற்று கெட்டிருந்தால் அணைந்துவிடும். விளக்கு அடிவரை போய் நின்று நிதானமாக எரிந்தது.

கிணற்றுச் சுவரில் கல்படிகள் நீட்டிக்கொண்டிருந்தன. குற்றாலிங்கம் செருப்பைக் கழற்றினார். கையெண்ணெயைச் சாம்பல் போட்டுத் துடைத்தார். விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டார்.

“மூணாவது படி ஆடும்,” என்றார் அம்மை. “அதுல முழு பாரத்தையும் வைக்காதீங்க.”

அவர் இறங்கினார். மூன்றாவது படி ஆடியது. மற்றவை அசையவில்லை. கல்லெல்லாம் நடுவில் வழவழப்பாக இருந்தது. முப்பத்தோரு வருடமாக யாரும் இறங்காத கிணறு என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

*

அழுகல் நாற்றத்துக்குத் தயாராக மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார். ஒரு கையால் பிடித்து இறங்க முடியவில்லை. மூக்கை விட்டார்.

நாற்றம் இல்லை. கோடை மழை விழுந்த முதல் நிமிடத்தில் வருகிற வாசனை அடித்தது.

கடைசிப் படியில் நின்று கீழே பார்த்தார். மேலிருந்து வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கொட்டிய நாலு அரளி சிவப்பாகத் தெரிந்தது. சுற்றிலும் பழுப்பு இதழ், உலர்ந்த வில்வம். சுவரோரம் துளசிக் கன்றுகள் தாமாக முளைத்து இடுப்பளவு நின்றன. தட்டைக் காணவில்லை.

கால் வைக்க வெறும் தரை எங்கேயும் இல்லை. அங்குலம் விடாமல் சாத்தின பூ.

அவர் படியிலேயே நின்றார்.  கைப்பிடி வழுக்கியது. ஒரு பெருமூச்சு விட்டார். இறங்கிவிட்டார்.

கால் கணுக்கால் வரை உள்ளே போனது.

“அம்மா!” என்று கத்தினார். குரல் சுவரில் சுற்றி மேலே போனது. “அம்மா, கால் பட்டுட்டு!”

மேலே விளிம்பில் அம்மையின் தலை தெரிந்தது.

“எதுல?”

“பூவில! சாத்தின பூவில!”

“நல்லாப் பாருங்க.”

அவர் குனிந்தார். தட்டைத் தேடுகிறவர் போலக் கையை விட்டார். மேலே கிடந்தது இலை, இதழ், காம்பு. ஒரு சாண் போனதும் இதழ் பொடிந்தது. காம்பு நாரானது. இன்னும் கொஞ்சம் போனார். அங்கே இதழும் இல்லை, காம்பும் இல்லை. கறுப்பாக, குளிர்ச்சியாக, உதிரியாக இருந்தது. ஒரு மண்புழு விரலில் சுற்றி நழுவியது.

ஒரு பிடி எடுத்தார். கம்பவுண்டர் பழக்கம். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பொடி அந்த விரல்களில் வந்து போயிருக்கிறது. இதற்கு அவர் விரலுக்குப் பெயர் தெரியவில்லை.

உள்ளங்கையைத் தட்டையாக வைத்தார். சுடவில்லை.

தினம் ஒரு தட்டு. முப்பத்தோரு வருடம். கிணறு நிறைந்து வழிந்திருக்க வேண்டும்.

“அண்ணாச்சி!” மேலிருந்து அம்மை. “எதுல நிக்கீங்க?”

வாயைத் திறந்தார். பூ என்று சொல்ல வரவில்லை. மண் என்று சொல்லவும் வரவில்லை.

“என்ன அண்ணாச்சி, சத்தத்தைக் காணோம்?” என்றாள் கோமு. “இழுத்துருவோமா?”

“இரு கோமு,” என்றது அம்மையின் குரல். “அவசரம் இல்லை.”

*

தட்டு துளசிக்கடியில் குப்புறக் கிடந்தது. ஒரு கீறல் இல்லை.

குற்றாலிங்கம் மேலே வந்தபோது தட்டு மடியில் இருந்தது. தட்டில் கறுப்பாக இரண்டு பிடி இருந்தது. துண்டால் மூடிக் கட்டியிருந்தார். எதற்கு எடுத்து வந்தார் என்று அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

கோமு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“காலைக் கழுவுங்க. கறுப்பா இருக்கு.”

அவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கொஞ்சம் இரு,” என்றார்.

அன்று அவர் சருகு கூட்டவில்லை. மறுநாளும் கூட்டவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து எடுத்தார். கோமு பார்த்துக்கொண்டே இருந்தாள். குருபூசைக்கு முந்தின நாள் அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“அண்ணாச்சி, நான் சொல்லுததைக் கேளுங்க. தென்காசிச் சந்தையில மல்லி மலையா கெடக்கு. என் தம்பி சைக்கிள்ல போய் ஒரு முழம் வாங்கியாந்துருவான். மல்லிக்கு மல்லி வித்தியாசமா தெரியப் போவுது? அம்மா கிட்ட நான் மூச்சு விட மாட்டேன்.”

குற்றாலிங்கம் அவளைப் பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“அஞ்சு மாசம் கெடந்து பாடுபட்டீங்கள்லா,” என்றாள். “அதுக்குச் சொல்லுதேன்.”

“வேண்டாம் கோமு.”

“அப்ப நாளைக்குத் தட்டுல எதை வைப்பீங்க?”

அவர் அறைக்குத் திரும்பினார். பெட்டி கட்டி வைத்தபடி மூலையில் இருந்தது.

*

குருபூசைக்கு இருபது பேர் வந்திருந்தார்கள். மலைமேல் மேகம் இருந்தது. சாரல் இன்னும் இறங்கவில்லை.

அம்மை சமாதிக்கு முன்னால் நின்றார். விளக்கு எரிந்தது.

“மாலை?” என்று கேட்டார்.

குற்றாலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். செப்புத் தட்டை நெஞ்சுயரத்தில் ஏந்தியிருந்தார். புளி போட்டுத் தேய்த்த தட்டு பளபளத்தது. நடுவில் கறுப்பு மண், ஒரு குவியல்.

பின்னால் யாரோ இருமினார்கள். ஒரு பெண், “ஐயையோ, பூ எங்க?” என்றாள்.

“இந்த வருசம் ஒண்ணும் பூக்கலை அம்மா,” என்றார் குற்றாலிங்கம்.  “இது மத்த எல்லா வருசமும் பூத்தது. வெளியில வாங்கினது இல்லை. இங்கத்ததுதான்.”

அம்மை தட்டைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். சமாதியின் தலைமாட்டில் மாலை சாத்துகிற இடத்தில் வைத்தார்.

கற்பூரம் காட்டினார்கள். எல்லாரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். காதில் சொல்வதைப் பற்றி அம்மை பேசவில்லை. குற்றாலிங்கமும் கேட்கவில்லை. மாலை இல்லை. அதனால் கேட்க ஒன்றும் இல்லை.

சாப்பாடு நடந்தது. கோமு அவர் இலையில் மட்டும் பாயசத்தை இரண்டு முறை ஊற்றினாள்.

*

மறுநாள் காலை. பெட்டி அறை வாசலில் இருந்தது. தென்காசிக்கு ஒன்பது மணிக்கு பஸ்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. குளித்து, நீறு பூசி, சமாதியிலிருந்து செப்புத் தட்டை எடுத்தார். அதில் நேற்றுச் சாத்திய மண் இருந்தது. ஏந்திக்கொண்டு நடந்தார்.

சமாதியைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். வடக்கே போனால் கிணறு. நேரே போனால் நந்தவனம்.

அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

வேலியோரம் அம்மை குந்தி உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வழக்கமான குரலில் கேட்டார்.

“நேத்துக் கழிச்ச பூவைச் சேரவேண்டிய இடத்துல சேர்த்தாச்சா?”

குற்றாலிங்கத்தின் உதடு அசைந்தது. வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது.

“இல்லை அம்மா,” என்றார். “இதுவரைக்கும் ஒரு நாளும் சேர்க்கலை.”

செருப்பைக் கழற்றினார். நந்தவனத்துக்குள் போனார்.

பத்தொன்பதாம் எண்ணாக இருந்த மல்லியின் மூட்டில் குந்தினார். தட்டிலிருந்ததை மெல்லப் பரப்பினார். சுற்றிலும் நாலு நாள் சருகு கிடந்தது. இரண்டு கையாலும் அள்ளி அதன் மேல் மூடினார். காய்ச்சல்காரனுக்குப் போர்த்துகிற மாதிரி ஓரங்களைச் செருகினார்.

எழுந்து திரும்பினார். ஓர் அடி வைக்கக் காலைத் தூக்கினார்.

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

கீழே பார்த்தார். முன்னால் பார்த்தார். பாத்தி, வரப்பு, பாதை, சமாதி வரைக்கும் மண். எது எப்போது பூவாக இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

அடுக்களை வாசலிலிருந்து கோமு எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி, கொக்கு மாதிரி நிக்கீங்க? பஸ் வந்துரும்!”

அவர் அசையவில்லை.

“அம்மா,” என்று கூப்பிட்டார். “சாத்தின பூவில கால் படக் கூடாதுன்னு பெரியவர் விதி. அப்ப இனி நான் இதுல எப்படி நடக்க?”

அம்மை எழுந்தார். செம்பை வேலிக்கல்லில் வைத்தார். வெறுங்காலோடு நந்தவனத்துக்குள் வந்தார். ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தவரின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

பிறகு அவருடைய வலது காதருகே வாயை வைத்தார்.

“மெதுவா,” என்றார்.